டூட்டி ரோஸ்டர் போடுகிறவர்களுக்கு பப்மெட் எந்த அளவுக்கு உதவும்?

மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடித் தருகிற இணையதளமான பப்மெட்டைப் பற்றி டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள், ஆராய்ச்சி மாணவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு நைட் டூட்டிக்கு யார், அவசர லீவு போட்டவருக்குப் பதில் யார், முப்பது படுக்கைக்கு மூன்று நர்ஸ் போதுமா என்று நாள் தவறாமல் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களின் பக்கத்திலிருந்து யாராவது எழுதி நான் படித்ததில்லை. வார்டு இன்சார்ஜ், நர்ஸிங் சூப்பரின்டெண்டென்ட், ஆஸ்பத்திரி ஆபீஸில் ஆள் எடுப்பதைப் பார்க்கிறவர், இவர்களுக்குத்தான் இந்த விமர்சனம். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் பற்றாக்குறையைப் பற்றி வாய்வார்த்தையாகப் புலம்பாமல் ஆதாரத்தோடு பேச நினைக்கிற எவருக்கும், காசு கேட்காமல் கிடைக்கிற சேவைகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் தேடல் பெட்டியில் நாலு வார்த்தை தட்டிவிட்டு, மேலே வருகிற மூன்று சுருக்கங்களை மட்டும் படித்துவிட்டு மீட்டிங்குக்குப் போகிறவரை இது தப்பான முடிவுக்குக் கொண்டுபோய் விடவும் கூடும். இரண்டையும் விவரமாகச் சொல்கிறேன்.

அடிப்படை விஷயம் கொஞ்சம். பப்மெட்டை நடத்துவது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம். 1996ல் தொடங்கி, 1997 ஜூனில் உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம் என்று திறந்துவிட்டார்கள். இந்த நூலகத்துக்கு இது புது வேலை இல்லை, 1879ல் ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கிய இண்டெக்ஸ் மெடிகஸ் என்ற அச்சுப் பட்டியல் 2004 வரை வந்துகொண்டிருந்தது, அந்தப் பரம்பரையில் வந்ததுதான் இது. இன்றைக்கு 3.7 கோடிக்கும் மேல் பதிவுகள் இருக்கின்றன. முதல் தடவை உள்ளே போகிற நிறையப் பேர் எதிர்பார்ப்பது கட்டுரை முழுசாகக் கிடைக்கும் என்று. கிடைக்காது. பப்மெட்டில் இருப்பது தலைப்பு, எழுதியவர்கள், ஆய்விதழின் பெயர், சுருக்கம், அப்புறம் மூலக் கட்டுரைக்கு ஒரு இணைப்பு, அவ்வளவுதான். முழுக் கட்டுரையை இலவசமாக வைத்திருப்பது அதன் கூடப்பிறந்த பப்மெட் சென்ட்ரல், அது 2000ல் வந்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி எரிச்சல் மிச்சம்.

சரி, ரோஸ்டர் போடுகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது?

நிர்வாகத்திடம் போய் "ஆள் பத்தலை" என்று சொன்னால் வருகிற பதில் எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒன்றுதான்: எல்லா வார்டும் அதைத்தான் சொல்கிறது. அந்த இடத்தில் லிண்டா எய்கனும் அவர் குழுவும் 2002ல் ஜாமா இதழில் வெளியிட்ட ஆய்வைக் கையில் வைத்திருந்தால் பேச்சு வேறு திசைக்குப் போகும். பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகள், அறுவை சிகிச்சைக்கு வந்த 2,32,342 நோயாளிகள், 10,184 நர்ஸ்கள். ஒரு நர்ஸ் பார்க்கிற நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடினால், 30 நாளுக்குள் நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. நர்ஸ் மனம் சோர்ந்து நொந்துபோவதற்கான வாய்ப்பு 23 சதவீதமும், வேலையில் அதிருப்தி 15 சதவீதமும் கூடியிருந்தன. நாலு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்ற இடத்தையும் எட்டு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்ற இடத்தையும் ஒப்பிட்டால் இறப்பு வாய்ப்பில் வித்தியாசம் 31 சதவீதம்.

இங்கே ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் இந்த 7 சதவீதத்தை மீட்டிங்கில் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. நூறு பேரில் ஏழு பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த ஆய்வில் 30 நாளில் இறந்தவர்கள் மொத்தத்தில் சுமார் 2 சதவீதம், அதில் 7 சதவீதம் கூடினால் 2 என்பது ஏறக்குறைய 2.14 ஆகிறது. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் வருஷத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு அறுவை சிகிச்சை செய்கிற இடத்தில் அது பதினான்கு உயிர். கணக்குத் தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தால், இரண்டாவது விதமாகச் சொல்கிறவரைத்தான் அவர் நம்புவார். இந்த விவரமெல்லாம் சுருக்கத்தின் முதல் வரியில் இருக்காது, உள்ளே போய் அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

எய்கனின் ஆய்வுக்கு எப்போதும் வருகிற ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆள் அதிகமாக இருக்கிற ஆஸ்பத்திரிகள் பணக்கார ஆஸ்பத்திரிகளாக இருக்கலாம், அங்கே மற்றதெல்லாம் கூட நன்றாக இருக்கலாம், அதனால் இறப்பு குறைந்ததற்கு நர்ஸ் எண்ணிக்கைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. பப்மெட்டில் அந்த 2002 கட்டுரையின் பக்கத்திலேயே கீழே இறங்கினால், அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் பட்டியல் இருக்கும். எனக்கு இந்தத் தளத்தில் மிகவும் பிடித்த இடமே அதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி அதன் வழியாகப் போனால் 2011ல் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசினில் நீடில்மனும் குழுவும் எழுதிய கட்டுரைக்கு வந்து சேரலாம்.

அந்தக் கட்டுரையைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள் என்று எல்லா இன்சார்ஜிடமும் சொல்வேன். பல ஆஸ்பத்திரிகளை ஒப்பிடாமல் ஒரே ஆஸ்பத்திரிக்குள் ஷிஃப்ட் ஷிஃப்டாகப் பார்த்திருக்கிறார்கள்: 43 பிரிவுகள், 1,97,961 அட்மிஷன்கள், 1,76,696 ஷிஃப்டுகள். அந்த ஆஸ்பத்திரியே தன் கணக்குப்படி ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் இத்தனை நர்ஸ் மணிநேரம் தேவை என்று வைத்திருந்த இலக்கில், 8 மணிநேரமோ அதற்கு மேலோ குறைந்த ஷிஃப்டைத்தான் ஆள் குறைந்த ஷிஃப்ட் என்று எடுத்துக்கொண்டார்கள். அதாவது ஒரு ஆள் வராமல் போன ஷிஃப்ட். நோயாளி அப்படிப்பட்ட ஒவ்வொரு ஷிஃப்டைக் கடக்கும்போதும் இறப்பு அபாயம் 2 சதவீதம் கூடியது. பணக்கார ஆஸ்பத்திரி, ஏழை ஆஸ்பத்திரி என்ற வாதம் இங்கே நிற்காது, ஒரே கட்டடம், அதே டாக்டர்கள், அதே கருவிகள்.

அதைவிட முக்கியமானது அதிலிருக்கும் இரண்டாவது கண்டுபிடிப்பு, அதைச் சுருக்கமாகப் பேசுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். அட்மிஷன், டிஸ்சார்ஜ், வேறு வார்டுக்கு மாற்றுவது என்று ஆள் போக்குவரத்து அதிகமாக இருந்த ஷிஃப்டுகளில் அபாயம் 4 சதவீதம் கூடியது. வார்டில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நடு ராத்திரியில் தலையை எண்ணினால் இருபத்தைந்து பேர் என்று வரும், ஆனால் அன்றைக்குப் பகலில் எட்டுப் பேர் வீட்டுக்குப் போய் எட்டுப் பேர் புதிதாக வந்திருப்பார்கள். ஒவ்வொரு டிஸ்சார்ஜுக்கும் மருந்து விளக்க வேண்டும், கேஸ் ஷீட் முடிக்க வேண்டும், ஒவ்வொரு அட்மிஷனுக்கும் முழுசாகக் கேட்டு எழுத வேண்டும், லைன் போட வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும். ராத்திரிக் கணக்கில் இது எதுவுமே தெரியாது. அந்தக் கணக்கை வைத்தே ஆள் ஒதுக்குகிற இடங்களில், வேலை எங்கே மறைகிறது என்று காட்ட இதைவிட நல்ல கட்டுரை எனக்குக் கிடைத்ததில்லை. அந்த 4 சதவீதத்தைச் சொல்லி, இனிமேல் அட்மிஷன் டிஸ்சார்ஜ் எண்ணிக்கையையும் ரோஸ்டர் தாளில் ஒரு பத்தியாகச் சேருங்கள் என்று கேட்கலாம். பணம் செலவாகாத கோரிக்கை என்பதால் மறுக்க மாட்டார்கள்.

பணம் கேட்டால் வேறு கட்டுரை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016ல் சட்டமே போட்டு, குறிப்பிட்ட பொது மருத்துவமனைகளில் காலையும் மாலையும் நாலு நோயாளிக்கு ஒரு நர்ஸ், ராத்திரியில் ஏழு பேருக்கு ஒருவர் என்று நிர்ணயித்தது. அதற்கு முன்னும் பின்னும் என்ன ஆனது என்று மெக்ஹியூவும் குழுவும் 2021ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆள் கூடியதற்கான செலவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், நோயாளிகள் சீக்கிரம் வீடு போனதிலும் திரும்ப அட்மிட் ஆகாததிலும் மிச்சமாகியிருந்தது. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு முன்னால் வைக்க வேண்டிய தாள் இது. கலிஃபோர்னியா இதே மாதிரிச் சட்டத்தை 1999லேயே இயற்றி 2004ல் அமலுக்குக் கொண்டுவந்தது, அதைப் பற்றியும் தேடினால் நிறையக் கிடைக்கும்.

இப்போது தப்பான முடிவு என்று ஆரம்பத்தில் சொன்ன விஷயம். டூட்டி நேரத்தைப் பற்றித் தேடுகிறவர் முதலில் போய் நிற்கிற இடம் பெரும்பாலும் லாண்ட்ரிகன் குழுவின் 2004 ஆய்வு. தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்டர்ன்கள், அதாவது பயிற்சி டாக்டர்கள், 24 மணிநேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து வேலை பார்த்த பழைய அட்டவணையில், நேரத்தைக் குறைத்த அட்டவணையைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் நடந்தன. படித்தவுடன் என்ன தோன்றும்? நீளமான ஷிஃப்டை வெட்டு, பிரச்சினை தீர்ந்தது. அங்கேயே நின்றுவிட்டால் ஆபத்து. அதே லாண்ட்ரிகன் குழு 2020ல் ரோஸ்டர்ஸ் என்ற பெயரில் ஒரு பெரிய சோதனையின் முடிவை வெளியிட்டது, ஆறு குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில். இதில் நீளமான ஷிஃப்டை ஒழித்த அட்டவணையில் தவறுகள் குறையவில்லை, கூடியிருந்தன. காரணத்தைத் தேடியபோது, ஷிஃப்டைக் குறைத்த காலத்தில் ஒரு ரெசிடென்ட் பார்க்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கை கூடிப்போயிருந்தது தெரிந்தது, அதைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது.

இந்த இரண்டு கட்டுரைகளையும் சேர்த்துப் படிக்கிறவருக்குக் கிடைக்கிற பாடம் ஒவ்வொன்றையும் தனியாகப் படிக்கிறவருக்குக் கிடைக்காது. மணிநேரத்தைக் குறைத்துவிட்டு ஆளைக் கூட்டவில்லை என்றால், களைப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேலைப்பளுவை வைத்ததாகத்தான் ஆகும். "ஆய்வு சொல்கிறது" என்று ஒரே ஒரு தாளை நீட்டி ரோஸ்டரை மாற்றச் சொல்கிற மேலாளரிடம் இதைத்தான் சொல்ல வேண்டும். 2004லிருந்து 2020க்குப் போவதற்குத் தனியாகத் தேட வேண்டியதுகூட இல்லை, ஒத்த கட்டுரைகள், மேற்கோள் காட்டியவை என்ற இரண்டு பகுதிகளும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கின்றன. மேற்கோள் பட்டியல் முழுமையானது இல்லை, பப்மெட்டுக்குத் தெரிந்த மேற்கோள்களை மட்டுமே காட்டும், ஆனாலும் நம் தேவைக்குப் போதும்.

தேடுவது எப்படி என்பதில்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள். சாதாரணமாக நாலு வார்த்தை தட்டினால் பப்மெட் அதைத் தானாகவே விரித்து, அது சம்பந்தப்பட்ட வேறு சொற்களையும் சேர்த்துக்கொண்டு தேடும். நல்ல வசதி, ஆனால் எதைச் சேர்த்தது என்று தெரியாமல் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய் வரலாற்றுப் பட்டியலில் டீடெய்ல்ஸ் என்பதை அழுத்தினால், நாம் கொடுத்த சொல் உண்மையில் என்னவாக மாறித் தேடப்பட்டது என்று அப்படியே காட்டும். அதைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் பிறகு தேடல் நம் கைக்குள் வந்துவிடும். மேற்கோள்குறிக்குள் ஒரு தொடரைப் போட்டால் தானாக விரிப்பது நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள், அதனால் சில சமயம் நல்லது நடக்கும், சில சமயம் முக்கியமான கட்டுரை தப்பிப்போகும்.

அடுத்தது மெஷ். ஒருவர் ஸ்டாஃபிங் என்று எழுதுவார், இன்னொருவர் ரேஷியோ என்பார், மூன்றாமவர் வொர்க்லோட் என்பார், எல்லாவற்றையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவர நூலகம் வைத்திருக்கிற சொற்பட்டியல் அது. நம் வேலைக்கு வேண்டிய தலைப்புகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். பெர்சனல் ஸ்டாஃபிங் அண்ட் ஷெட்யூலிங், நர்ஸிங் ஸ்டாஃப் ஹாஸ்பிடல், ஷிஃப்ட் வொர்க் ஷெட்யூல், வொர்க்லோட், பர்னவுட் ப்ரொஃபஷனல். முதல் இரண்டையும் ஆண்ட் போட்டு இணைத்து, அதோடு ஹாஸ்பிடல் மார்ட்டாலிட்டி என்பதையும் சேர்த்துப் பாருங்கள், குப்பை சல்லடையில் சலித்ததுபோல் போய்விடும். ஆண்ட், ஆர் இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட வேண்டும். ஆனால் மெஷ்ஷை மட்டுமே நம்பக் கூடாது. பப்மெட்டுக்குள்ளேயே இருக்கிற, தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களின் தொகுப்பான மெட்லைனில் சேராத ஆய்விதழ்களின் கட்டுரைகளுக்கு இந்தத் தலைப்புகள் ஒட்டப்படுவதே இல்லை, அவை பப்மெட்டில் இருந்தும் மெஷ் தேடலில் சிக்காது. 2022லிருந்து தலைப்பு ஒட்டுகிற வேலையை இயந்திரமே செய்கிறது, சிலவற்றை மட்டும் ஆட்கள் சரிபார்க்கிறார்கள், வேகம் கூடியிருக்கிறது, ஆனால் இயந்திரம் ஒட்டியது என்பதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மெஷ் ஒரு தடவை, சாதாரணச் சொல் ஒரு தடவை, இரண்டையும் ஆர் போட்டுச் சேர்த்து ஒரு தடவை. இதுதான் வழி.

தேடிக் கிடைத்ததை எல்லாம் பப்மெட்டின் தற்காலிகக் கிளிப்போர்டில் போட்டு வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். அது 500 பதிவு வரைதான் பிடிக்கும், 8 மணிநேரம் தொடாமல் இருந்தால் காலியாகிவிடும். டூட்டிக்கு நடுவில் தேடுகிறவர்கள் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி கலெக்‌ஷனில் சேமிப்பதுதான் பாதுகாப்பு.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை பப்மெட்டின் தப்பு இல்லை, ஆனால் அதைப் பயன்படுத்துகிறவர் தலையில்தான் விழுகிறது. சுருக்கத்தைப் படித்து, ஆகா இதுதான் நமக்கு வேண்டியது என்று இணைப்பை அழுத்தினால் பதிப்பாளரின் தளம் பணம் கேட்கிறது. மெடிக்கல் காலேஜ் நூலகம் இருக்கிற இடத்தில் டாக்டர்களுக்கு அந்தச் சந்தா கிடைக்கும், வார்டு இன்சார்ஜுக்கு லாகின் தருவதற்கு யாருக்கும் தோன்றுவதில்லை. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் நூலகச் சந்தா டாக்டர்களின் அறைக் கம்ப்யூட்டர்களில் மட்டும்தான் திறந்தது, ரோஸ்டர் போடுகிற அறையில் திறக்காது. ஆள் போதுமா என்று ஆராய்ச்சி செய்த கட்டுரையை, ஆள் ஒதுக்குகிறவர் படிக்க முடியாது. கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினோம். உங்கள் இடத்திலும் இப்படி இருந்தால் எழுத்துமூலம் கேளுங்கள், மறுப்பதற்கு அவர்களிடம் காரணம் எதுவும் இருக்காது.

அதுவரைக்கும் செய்யக் கூடியவை: இலவச முழுக் கட்டுரை என்ற வடிகட்டியைப் போட்டுத் தேடலாம், ஆனால் அதை எப்போதும் போட்டே வைத்தால் ஆராய்ச்சியின் ஒரு பகுதி மட்டும்தான் கண்ணில் படும். கட்டுரையாசிரியருக்கு மரியாதையாக ஒரு மெயில் போட்டால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2002ல் தொடங்கிய ஹினாரி திட்டத்தின் கீழ் வருமானம் குறைந்த நாடுகளில் இருக்கிற நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கின்றன, உங்கள் நிறுவனம் தகுதி பெறுகிறதா என்று நூலகரிடம் விசாரியுங்கள். இன்னொரு நல்ல செய்தி, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் பணத்தில் நடந்த ஆராய்ச்சிகள் முன்பு 12 மாதம் வரை பூட்டிவைக்கப்படலாம் என்று இருந்தது, 2025 ஜூலை 1 முதல் ஏற்றுக்கொள்ளப்படும் கட்டுரைகளுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது, வெளியாகும்போதே பப்மெட் சென்ட்ரலில் இருக்க வேண்டும்.

இரண்டாவது குறை பெரியது. எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு பப்மெட் நன்றாகவே பதில் சொல்கிறது, இருக்கிற ஆளை வைத்து நல்ல ரோஸ்டர் எப்படிப் போடுவது என்று கேட்டால் திணறுகிறது. நைட் முடிந்தவருக்கு அடுத்த நாள் காலை டூட்டி வரக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை ஆஃப் எல்லோருக்கும் சமமாகப் போக வேண்டும், ஒவ்வொரு ஷிஃப்டிலும் அனுபவசாலி ஒருவராவது இருக்க வேண்டும், இப்படி நிபந்தனைகளை வைத்துக் கணிதம் போடுகிற ஆராய்ச்சிக்கு ஒரு தனி உலகமே இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் செயல்பாட்டு ஆராய்ச்சி, கணினி அறிவியல் இதழ்களில்தான் வருகிறது, பப்மெட்டின் வலையில் கொஞ்சம்தான் சிக்கும். அதற்கு கூகுள் ஸ்காலர்தான் போக வேண்டும். அங்கே தலைப்பு ஒட்டுகிற ஒழுங்கு எதுவும் கிடையாது, எதை ஏன் மேலே காட்டுகிறது என்று புரியாது, ஆனால் வலை அகலமானது. நர்ஸிங், அதைச் சார்ந்த துறைகளின் இதழ்களுக்கென்றே இருக்கிற சினால் என்ற தேடல் தளம் பப்மெட்டைவிட நம் துறைக்கு நெருக்கமானது, சந்தா கட்ட வேண்டும் என்பதால் தனி ஆளாக நினைத்துப் பார்க்க முடியாது.

வழிகாட்டிக் கையேடுகளும் பப்மெட்டில் பெரும்பாலும் வராது. உலக சுகாதார நிறுவனத்தின் விஸ்ன் முறை, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது, வருஷத்தில் ஒருவருக்கு லீவெல்லாம் போக எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று வகுத்துப் பார்த்து எத்தனை பேர் தேவை என்று கண்டுபிடிக்கிற முறை, அதைப் பற்றிய கட்டுரைகள் பப்மெட்டில் உண்டு, கையேடு வேண்டுமென்றால் அந்த நிறுவனத்தின் தளத்துக்குத்தான் போக வேண்டும். கையேட்டையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் நம் வார்டுக்குப் பொருத்திப் பார்க்க முடியும்.

மூன்றாவது, பப்மெட்டில் இருக்கிறது என்பது தரத்துக்கான முத்திரை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மெட்லைனுக்கு ஆய்விதழ்களைத் தேர்வு செய்ய ஒரு குழு இருக்கிறது, ஆனால் பப்மெட்டில் மெட்லைனுக்கு வெளியே இருந்தும் நிறைய வந்து சேர்கிறது. ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தில் பளிச்சென்று அறிவிப்பு போட்டுவிடுகிறார்கள், அது நல்ல விஷயம். மற்றபடி தரத்தை நாம்தான் பார்க்க வேண்டும். பணியாளர் ஆராய்ச்சியில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பெரும்பாலானவை நடப்பதைக் கவனித்து எழுதியவை, குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தவை மிகக் குறைவு. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு, நர்ஸ் நியமன முறைகளைப் பற்றிச் செய்த தொகுப்பாய்வு 2019ல் புதுப்பிக்கப்பட்டபோது, அவர்கள் அளவுகோலுக்குள் வந்தவை 19 ஆய்வுகள்தான், அவற்றின் உறுதியும் குறைவு என்றே சொன்னார்கள். இதை மறைக்காமல் நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது, எதிரில் இருப்பவர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட. அதே சமயம் 2014ல் லான்செட்டில் வந்த ஐரோப்பிய ஆய்வு, ஒன்பது நாடுகள், 300 ஆஸ்பத்திரிகள், 4,22,730 நோயாளிகள், அதிலும் ஒரு நோயாளி கூடினால் 7 சதவீதம் என்றே வந்தது. வேறு வேறு நாட்டில், வேறு வேறு வருஷத்தில், ஒரே திசையில் முடிவு வருகிறதென்றால் அதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

இன்னொரு விஷயம் மனதை உறுத்துகிறது. பெரிய ஆய்வுகள் எல்லாம் பெரும்பாலும் பணக்கார நாடுகளில் நடந்தவை. நாலுக்கு ஒன்றா, ஐந்துக்கு ஒன்றா என்று அவர்கள் விவாதிக்கிறார்கள், ஒரு நர்ஸ் இருபது முப்பது பேரைப் பார்க்கிற வார்டுகள் அந்த வரைபடத்திலேயே இல்லை. அங்கே இன்னொரு நோயாளி கூடினால் என்ன ஆகும் என்பதற்கு 7 சதவீதத்தை அப்படியே நீட்டிப் பதில் சொல்ல முடியாது. இந்த இடத்தில் ஹியூமன் ரிசோர்சஸ் ஃபார் ஹெல்த் என்ற ஆய்விதழைப் பரிந்துரைக்கிறேன், 2003லிருந்து வருகிறது, முழுக்க இலவசம், வருமானம் குறைந்த நாடுகளின் பணியாளர் பிரச்சினைகளை நிறைய எழுதுகிறார்கள். அதோடு பிஎம்ஜே குவாலிட்டி அண்ட் சேஃப்டி. அதில் 2019ல் க்ரிஃபித்ஸ் குழு எழுதியது இங்கிலாந்தில் 32 வார்டுகளை வைத்துச் செய்த ஆய்வு. நோயாளி வந்த முதல் ஐந்து நாட்களில், வார்டின் வழக்கமான சராசரியைவிட நர்ஸ் நேரம் குறைந்த ஒவ்வொரு நாளும் இறப்பு அபாயத்தை 3 சதவீதம் கூட்டியது. பக்கத்து ஆஸ்பத்திரியோடு ஒப்பிடாமல் தன் சராசரியோடு தன்னையே ஒப்பிடுகிற முறை என்பதால், எந்த வார்டும் தன் ரெஜிஸ்டரை எடுத்து இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

யாருக்கு இது ஒத்துவராது என்றால், நாளைக் காலை மீட்டிங்குக்கு இன்று ராத்திரி ஒரு எண் வேண்டும் என்கிறவருக்கு. அவருக்கு எண் கிடைக்கும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி வந்தால் பதில் இருக்காது. இரண்டு மூன்று இன்சார்ஜ்கள் சேர்ந்து மாதம் ஒரு கட்டுரை என்று எடுத்துக்கொண்டு, முடிவுரையைக் கடைசியாகவும் முறைகள் பகுதியை முதலிலும் படித்துப் பாருங்கள். யாரை எண்ணினார்கள், எந்த நேரத்தில் எண்ணினார்கள், பயிற்சி நர்ஸ்களைச் சேர்த்தார்களா, உதவியாளர்களைச் சேர்த்தார்களா, இந்த நாலு கேள்வியிலேயே பாதிக் கட்டுரைகள் நம் வார்டுக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று தெரிந்துவிடும்.

கணக்கு தொடங்கியதும் நல்லதாக அமைந்த தேடலைச் சேமித்து அலர்ட் வைத்துவிடுங்கள், புதிதாக எது வந்தாலும் மெயிலுக்கு வந்துவிடும். தினமும் என்று வைத்தால் ஒரே வாரத்தில் அலுத்துப்போய் திறக்காமலே அழிப்பீர்கள். மாதம் ஒரு முறை என்று, ரோஸ்டர் போடுகிற வாரத்தில் வரும்படி வையுங்கள்.